காவிரிப் பாலத்து அரசமரமும் எங்கள் கயிறும்

போன வாரம் மூன்று பெண்கள் ஓடத்துறையில் என் வீட்டைத் தேடிக்கொண்டு வந்தார்கள். புதுப் பாலத்தில் சாந்துச் சட்டி தூக்குகிறவர்கள். பழைய பாலத்தை இனி உடைத்து எடுக்கப் போகிறார்களாம், அந்த வேலைக்கும் தங்களையே கூப்பிட்டிருக்கிறார்களாம். சொல்லிவிட்டு அவர்களில் ஒருத்தி கேட்டாள்.

"ஆத்தா, நீங்க அந்தப் பாலத்துல கயித்துல தொங்கினீங்களாமே, நெசமா?"

"தொங்கலடி. உக்காந்து வேலை பாத்தேன்," என்றேன்.

அவர்கள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. தொங்குகிறது வேறு, பலகையில் உட்கார்ந்து வேலை பார்ப்பது வேறு. உடைக்கப் போகிறவர்களுக்கு உடைபடுகிறது என்னவென்று தெரிந்திருக்க வேண்டும். அதற்காகத்தான் இதைச் சொல்கிறேன். எனக்குக் கையெழுத்துப் போட வரும், பஸ்ஸில் ஊர்ப்பெயரை எழுத்துக்கூட்டிப் படிக்க வரும். மற்றதை என் தம்பி மருமகள் எழுதுகிறாள்.

அப்போது திருச்சிராப்பள்ளியையும் ஸ்ரீரங்கத்தையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டிருந்தது அந்தப் பாலம்தான். மலைக்கோட்டைப் பக்கத்து ஆள் பெருமாளைச் சேவிக்கப் போவதும், ஸ்ரீரங்கத்து ஆள் கோர்ட்டுக்கு வழக்காடப் போவதும், உறையூர்ப் புடவை மூட்டை மாட்டு வண்டியில் அக்கரைக்குப் போவதும் அதன் மேல்தான். மேலே நடக்கிறவர்களுக்கு அது ஒரு ரோடு. எங்களுக்குத்தான் அதற்கு வயிறும் முதுகும் உண்டு என்று தெரியும்.

கல்யாணமாகி ஓடத்துறைக்கு வந்த மறு மாதமே நான் பாலத்து வேலைக்குப் போனேன். புகுந்த வீட்டில் எல்லோருக்கும் அதுதான் வேலை. முதலில் சாந்து அரைக்கிற இடத்தில் விட்டார்கள். சுண்ணாம்பும் மணலும் போட்டு, கடுக்காய் ஊறிய தண்ணீரும் வெல்லப் பாகும் விட்டு, வெண்ணெய் மாதிரி வரும்வரை அரைக்க வேண்டும். என் கூட அரைத்தவள் மருதாயி. விரலில் தொட்டு நக்கிப் பார்ப்பாள். "வெல்லம், கடுக்கா, எல்லாம் நல்லதாத்தான் இருக்கு. எம் மாமியா எனக்கு இவ்வளவு போட்டிருந்தா நானும் நூறு வருசம் நிப்பேன்," என்பாள். இரண்டு கோடை அப்படிப் போனது. பிறகு கல்லைத் தட்டிக் கேட்கக் கற்றுக்கொண்டேன். சின்னச் சுத்தியால் தட்டினால் நல்ல கல் கணீரென்று பேசும், பின்னால் சாந்து விட்டுப்போன கல் பொத்தென்று சொல்லும். அது கைப்பழக்கம். வந்துவிட்டால் போகாது.

எங்கள் மேஸ்திரி பாலக்கரை சவரிமுத்து. வேதக்காரர், அதாவது கிறிஸ்தவர். சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. ஒரு சிட்டிகைப் பொடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு பேசாமல் நிற்பார். அவர் நிற்கிற இடத்தில் ஏதோ தப்பு நடந்திருக்கிறது என்று நாங்களே தேடிக் கண்டுபிடித்துச் சரி பண்ணிவிடுவோம். யாரையாவது பாலத்துக்குக் கீழே இறக்குகிற நாளில் மட்டும் அவர் வேறு ஆள். கயிற்றின் ஒரு முனையில் தொடங்கி மறு முனை வரைக்கும், கண்ணை மூடிக்கொண்டு, இரண்டு விரலுக்கு நடுவில் உருவிக்கொண்டே வருவார். ஒரு பிரி நைந்திருந்தால் விரல் நின்றுவிடும். அந்தக் கயிறு அன்றைக்கு வண்டி மாட்டுக்குப் போய்விடும்.

பாலத்துக் கல்லிடுக்கில் செடி முளைக்கும். காக்கை எச்சத்தில் விழுகிற ஆல், அரசு, வேம்பு. விட்டால் வேர் சந்துக்குள் புகுந்து கல்லை நெம்பிவிடும். ஆற்றில் தண்ணீர் வருவதற்குள் வருஷா வருஷம் அதை எல்லாம் எடுத்துச் சந்து பூச வேண்டும். கீழே இருந்து ஏணி வைக்க முடியாது. ஓரங்களில் ஏணிக்கால் மணலில் புதையும், நடுத்தூண் அடியில் கோடையிலும் மடுவாகத் தண்ணீர் நிற்கும். அதனால் மேலே இருந்துதான் ஆளை இறக்குவார்கள். இரண்டு கயிற்றில் ஒரு பலகை, அதில் ஆள். பலகைக் கயிற்றை நாலு ஆண்கள் பிடிப்பார்கள். அது தவிர இடுப்பில் ஒரு கயிறு. அதைப் பிடிப்பது ஒரே ஆள்.

அந்த ஒரே ஆளைப் பற்றி மேஸ்திரிக்கு ஒரு சட்டம் இருந்தது. இடுப்புக் கயிறு வீட்டு ஆள் கையில்தான் இருக்க வேண்டும். அண்ணன் இறங்கினால் தம்பி பிடிக்க வேண்டும். மகன் இறங்கினால் அப்பன். "கூலிக்குப் பிடிக்கிறவன் கையி வேற, வீட்டு ஆளு கையி வேற," என்பார். இறங்குகிற ஆள் இல்லாமல் போன ஒரு வருஷத்தில், நான் ஒல்லியாக இருக்கிறேன், இறங்குகிறேன் என்றேன். மேஸ்திரி என்னைப் பார்க்கவில்லை. என் வீட்டுக்காரரைப் பார்த்தார்.

"மாணிக்கம், நீ பிடிக்கிறியா?"

"பிடிக்கிறேன்."

அதற்கு முன்னால் பெண்பிள்ளை யாரும் இறங்கியதில்லை. ஆட்கள் ஒரு வாரம் கேலி பேசினார்கள். "மாணிக்கம், வீட்டுல உன்னைக் கட்டிப் போட்டிருக்கா, இங்க நீ கட்டிப் போட்டியா?" என்றார்கள். பிறகு சலித்துப்போய் விட்டுவிட்டார்கள்.

கீழே போன பிறகு பேச்சு கிடையாது. "கயிறு பேசும், நீங்க பேசாதீங்க," என்பது மேஸ்திரி வாக்கு. ஒரு தரம் இழுத்தால் நிற்க வேண்டும், இரண்டு தரம் இழுத்தால் இறக்க வேண்டும், மூன்று தரம் இழுத்தால் தூக்க வேண்டும். மேலே அண்ணாந்து பார்க்கக் கூடாது, காரைத்தூள் கண்ணில் விழும். கைப்பிடிச் சுவரில் கயிறு உராயாமல் இருக்க நனைத்த சாக்கை மடித்துப் போடுவார்கள். இவ்வளவும் எல்லோருக்கும் பொது. என் வீட்டுக்காரரிடம் மட்டும் இன்னொன்று இருந்தது. கயிற்றை உள்ளங்கையில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டு மெல்ல ஒரு சுண்டு சுண்டுவார். அதற்கு நில் என்றும் இறங்கு என்றும் அர்த்தமில்லை. நான் இருக்கேன் என்று அர்த்தம். வீட்டில் அதிகம் பேசாத மனுஷர். எங்கள் பேச்செல்லாம் அந்தக் கயிற்றில்தான் நடந்தது என்று சொன்னால் உங்களுக்கு வேடிக்கையாக இருக்கும்.

இப்போது அரசமரத்துக்கு வருகிறேன்.

நடுத்தூணின் மூக்கில், அதுதான் தண்ணீரைக் கிழிக்கிற முனை, கைப்பிடிச் சுவருக்குச் சற்றுக் கீழே ஓர் அரசு இருந்தது. நான் வருவதற்கு முன்னாலேயே இருந்தது. பிள்ளை இல்லாத பெண்கள் ஸ்ரீரங்கத்துக்கு நடக்கும்போது சுவர்மேல் சாய்ந்து அதன் கிளையில் மஞ்சள் நூல் கட்டுவார்கள். அரசை வேரோடு எடுத்தால் எடுத்தவன் வம்சம் தங்காது என்று எங்கள் ஆட்களுக்குப் பயம். எடுக்காவிட்டால் மேலிடத்தில் கேள்வி வரும். அதனால் அவர்கள் ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். வருஷத்துக்கு ஒரு முறை நூல் கட்டாத கிளைகளை மட்டும் கழித்துவிட்டு, வேலை முடிந்தது என்பார்கள். சாமிக்கும் ஆச்சு, சர்க்காருக்கும் ஆச்சு. மேலே கழிக்கக் கழிக்க உள்ளே வேர் தடிக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் அதை யாரும் வாயால் சொல்லவில்லை.

அந்த மரத்தில் என் நூலும் இருந்தது. எனக்கு இரண்டு தரம் தரித்து இரண்டு தரமும் நிற்கவில்லை. இரண்டாவது தடவைக்கு அப்புறம் ஒரு வெள்ளிக்கிழமை நானும் குளித்துவிட்டுப் போய்க் கட்டினேன். என் வீட்டுக்காரர் பக்கத்தில் நின்றார். கிளையைத் தாழ்த்திப் பிடித்தது அவர்தான்.

மேட்டூரில் அணை வந்துவிட்ட சமயம் அது. ஒரு வருஷம் ஆனி மாதத்தில் அந்தத் தூணை நான் தட்டிக்கொண்டு வந்தேன். மரத்துக்குக் கீழே நாலு கல் வரிசை பொத்தென்றது. மறுபடி தட்டினேன். அதே சத்தம். மேலே வந்து மேஸ்திரியிடம் சொன்னேன். அவரே பலகையில் இறங்கித் தட்டிப் பார்த்துவிட்டு ஏறி வந்தார். பொடி போடவில்லை.

மறுநாள் ஓவர்சியர் வந்தார். எட்டிப் பார்த்தார், தூணைப் பார்த்தார், எங்களையும் பார்த்தார். நல்ல மனுஷர், கத்தவில்லை. "தண்ணி வர்றதுக்குள்ள அந்த வேர் வெளிய வந்து பூச்சு காயணும். இல்லேன்னா பாலத்துல வண்டி, ஜனம் எதையும் விட மாட்டோம். ஆடிப் பதினெட்டுக்கும் கிடையாது," என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஆடிப் பதினெட்டுக்குப் பாலத்தை அடைப்பது என்றால் இரண்டு ஊரையும் கத்தியால் நடுவில் கீறுகிற மாதிரி. ஆனாலும் ஆள் யாரும் அசையவில்லை. மேஸ்திரியும் உத்தரவு போடவில்லை. தனியாகக் கேட்டபோது என்னிடம் சொன்னார். "நான் வாயத் தொறந்தா, வேதக்காரன் அரச வெட்டச் சொன்னான்னு ஊரு சொல்லும், ஆத்தா. மரம் போயிரும், சண்டை நிக்கும்."

பலகைக் கயிறு பிடிக்கிறவர்களில் ஒருத்தன் சொன்னான். "புள்ள குட்டி இருக்கறவன் எவனும் அதுல கை வெக்க மாட்டான்."

ஒருத்தரும் என் பக்கம் பார்க்கவில்லை. ஆற்றைப் பார்த்தார்கள், சாந்துச் சட்டியைப் பார்த்தார்கள். மருதாயிதான் அவன் மேல் பாய்ந்தாள். "உன் நாக்குல சுட்ட சுண்ணாம்ப வெக்க!"

"விடுடி. நான் இறங்கறேன்," என்றேன்.

மத்தியானம் பாலத்து வளைவு நிழலில் மணலில் உட்கார்ந்து கஞ்சி குடித்தோம். என் வீட்டுக்காரர் பாதிக் கஞ்சியில் நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"அதுல உன் நூலும் இருக்குல்ல?"

"இருக்கு."

"அப்புறம்?"

"கட்டி மூணு வருசம் ஆச்சுங்க."

"இன்னும் ஒரு வருசம் இருக்கட்டுமே."

"அது வரைக்கும் தூணு இருக்குமா? நான் தட்டிக் கேட்டேங்க."

மிச்சக் கஞ்சியை அவர் மணலில் கொட்டினார். அப்படிச் செய்கிற ஆள் இல்லை. "நீ இறங்கினா நான் கயிறு பிடிக்க மாட்டேன்," என்றார். எழுந்து போய்விட்டார். அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. கிளையைத் தாழ்த்திப் பிடித்த கை அவருடையது.

மறுநாள் வெள்ளிக்கிழமை. பலகையைக் கட்டிக்கொண்டிருந்தபோது ஸ்ரீரங்கத்து உத்தர வீதி மாமி ஒருத்தர் வந்தார். வெள்ளிக்கிழமை தோறும் இடுப்பில் பையனோடு வந்து மரத்துக்குக் குங்குமம் தூவிவிட்டுப் போகிறவர். கயிற்றைப் பார்த்ததும் விஷயம் புரிந்துவிட்டது.

"ஏண்டியம்மா, நீயா எடுக்கப் போறே?"

"ஆமாங்கம்மா."

"இவன் இந்த மரம் கொடுத்த பிள்ளைடி. உனக்குக் கை வருமா?"

"என் நூலும் அதுல இருக்குங்கம்மா," என்றேன்.

மாமி என்னை ஏற இறங்கப் பார்த்தார். என் இடுப்பில் பிள்ளை இல்லை, கயிறுதான் இருந்தது. பையனை இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டார். மேஸ்திரி தலைப்பாகையை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். கடைசியில் மாமி சொன்னார். "பெருமாள் திருவுள்ளம் அதுவானா நான் யாரு தடுக்க? ஆனா ஒண்ணு. நூலை அறுக்காதே. ஒண்ணொண்ணா முடிச்சை அவிழ்த்து எங்கிட்டக் குடு. ஆடிப் பதினெட்டன்னிக்குப் புதுத் தண்ணியிலே நானே விட்டுடறேன்."

நூலை எல்லாம் அவிழ்ப்பது என்றால் பாதி நாள் போய்விடும். மேஸ்திரி தலையை ஆட்டினார். "அவுக்கட்டும். காத்திருக்கோம்."

இடுப்புக் கயிற்றுக்குத்தான் ஆள் இல்லை. என் வீட்டுக்காரர் பாலத்துத் தெற்கு முனையில் வண்டிச் சக்கரத்து மேல் உட்கார்ந்திருந்தார், இந்தப் பக்கம் திரும்பாமல். மேஸ்திரி கொஞ்ச நேரம் அவரைப் பார்த்தார். பிறகு கயிற்றைத் தானே எடுத்தார். "எஞ் சட்டத்த நானே மீறுறேன், ஆத்தா. மனசுல வெச்சுக்காத."

இறங்கினேன். மேஸ்திரியின் பிடி நல்ல பிடி, குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஆட்டைக் கட்டின மாதிரி விறைப்பாக இருந்தது. நான் கொஞ்சம் சாய்ந்தால் அது சாயவில்லை. வெயிலில் மரத்தோடு மரமாய் உட்கார்ந்து முடிச்சுகளை அவிழ்த்தேன். சில முடிச்சு விரல் பட்டதும் விட்டது. சிலது மழையிலும் வெயிலிலும் இறுகிக் கல்லாகியிருந்தது. பல்லால் கடித்து இளக்கினேன். என்னுடையது எது என்று தேடினேன். மஞ்சள் எல்லாம் வெளுத்து எல்லா நூலும் ஒரே நிறமாகிவிட்டிருந்தது. எதை அவிழ்த்தபோது என்னுடையதை அவிழ்த்தேன் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. எல்லாவற்றையும் ஒரு துணியில் முடிந்து, சாந்துச் சட்டி இறக்குகிற கயிற்றில் கட்டி மேலே அனுப்பினேன்.

பிறகு உளியை எடுத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். கை வரவில்லை. மாமி கேட்டது சரிதான்.

அப்போது இடுப்புக் கயிறு தொய்ந்தது. ஒரு மூச்சு நேரம் என்னைப் பிடிக்க யாருமே இல்லை என்பது போலிருந்தது. அடுத்ததாக அது மெல்ல இறுகியது. உள்ளங்கையில் ஒரு சுற்று. ஒரு சுண்டு.

நான் அண்ணாந்து பார்க்கவில்லை. பார்க்க வேண்டிய தேவையும் இல்லை. அந்தச் சுண்டில் அவருடைய கோபம் இருந்தது. அவரும் இருந்தார். நான் கொஞ்சம் சாய்ந்து பார்த்தேன். கயிறும் சாய்ந்தது.

உளியை வைத்தேன். வெட்டிய இடத்தில் வெள்ளையாய்ப் பால் வடிந்தது. அதைத் துடைத்துக்கொண்டே, சந்தில் பழைய சுண்ணாம்பைச் சுரண்டி, வேரை அது போன வழியிலேயே தொடர்ந்து போனேன். இழுத்தால் அறும், அறுந்தால் உள்ளே இருக்கிறது மறுபடி துளிர்க்கும். அதனால் நெம்பி, இளக்கி, கொக்கி போட்டு மெதுவாக வாங்க வேண்டும். கல்லுக்கு நடுவில் இடமில்லாமல் அது நாடா மாதிரித் தட்டையாகப் படர்ந்திருந்தது. கடைசியில் ஒரு முழம், அப்புறம் ஒரு முழம், சுண்ணாம்புக் கட்டிகளைக் கட்டிப் பிடித்துக்கொண்டே வெளியே வந்தது. அது இருந்த பொந்தில் என் கை முழங்கை வரைக்கும் போயிற்று. கைக்கு எட்டாத நுனிக்குப் பெருங்காயத்தைக் கரைத்து ஊற்றி, சுட்ட சுண்ணாம்பைத் திணித்து, மருதாயி அரைத்து அனுப்பிய சாந்தால் அடைத்தேன். மூன்று தரம் இழுத்தேன்.

மேலே வந்ததும் அவர் என் இடுப்புக் கயிற்றை அவிழ்த்தார். அவர் உள்ளங்கை சிவந்து கிடந்தது. மேஸ்திரி பொடி டப்பாவைத் திறந்தார்.

வீட்டுக்குப் போகிற வழியில் அவர் ஒன்றே ஒன்று கேட்டார். "உன் நூலு எது, தெரிஞ்சுதா?"

"தெரியலீங்க. எல்லாம் ஒண்ணாட்டம் இருந்துச்சு."

"சரி," என்றார். என் கையை எத்தனை தரம் கழுவியும் பெருங்காய வாடை போகவில்லை. ஒரு வாரத்துக்கு ரசத்தில் பெருங்காயம் போடாதே என்று சொல்லிவிட்டார்.

தண்ணீர் வந்தது. தூண் நின்றது. ஆடிப் பதினெட்டன்று பாலம் தெரியாத அளவுக்கு ஜனம். அம்மா மண்டபத்துப் படித்துறையில் மாமி நூல் பொட்டலத்தை அவிழ்த்துவிட்டதை நான் பார்க்கவில்லை, விட்டுவிட்டேன் என்று பின்னால் சொல்லி அனுப்பினார். அந்த வருஷம் ஆற்றோடு போன மஞ்சளில் என்னுடையதும் இருந்தது.

எனக்குப் பிள்ளை பிறக்கவில்லை. மரத்தை எடுத்ததால்தான் என்று தெருவில் பேசினார்கள். மருதாயியும் அதில் நூல் கட்டியிருந்தாள், அதையும்தான் நான் அவிழ்த்தேன், அவளுக்கு மறு வருஷமே மகன் பிறந்தான். என் வீட்டுக்காரர் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவருடைய அக்கா வேறு பெண் பார்க்கிறேன் என்று கிளம்பியபோது, "கயித்த யாரு பிடிப்பா?" என்று மட்டும் கேட்டாராம். அந்த அம்மாளுக்கு ஒன்றும் புரியவில்லை.

அதற்கப்புறம் பல கோடைகள். சண்டைக் காலத்தில் ராணுவ வண்டிகள் போகும்போது பலகையில் எனக்கு உடம்பெல்லாம் அதிரும். உடனே மேலிருந்து ஒரு சுண்டு வரும். நனைத்த சாக்கைப் போட்டும்கூட, வருஷக்கணக்காகக் கயிறு ஓடி ஓடி நடுத்தூணுக்கு மேலே கைப்பிடிக் கல்லில் ஒரு பள்ளம் விழுந்தது. என் சுண்டுவிரல் சரியாகப் படுகிற அகலம்.

சண்டை முடிந்த சமயத்தில் ஒரு காய்ச்சலில் அவர் போய்விட்டார். எங்களில் புதைப்பதுதான் வழக்கம். பாடை கிளம்பும்போது நானும் வருகிறேன் என்றேன்.

"பொம்பள மயானத்துக்கு வர்றதா? எங்கயும் இல்லாத வழக்கமா இருக்கே," என்றார் பெரியவர் ஒருவர்.

"இறக்கும்போது கயிறு நான் பிடிக்கணும். வீட்டு ஆளு வேற யாரு இருக்கா?"

துக்கத்தில் பிதற்றுகிறேன் என்று என்னைப் பிடித்து உட்காரவைத்தார்கள். ஒரு மகன் இருந்திருந்தால் கேட்டிருக்கவே வேண்டாம். அவர்கள் தெருமுனை திரும்பியதும் நான் கையை உதறிக்கொண்டு பாலத்துக்கு ஓடினேன். நடுத்தூணுக்கு மேலே நின்றால் கரையோரத்து மயானம் தெரியும். ஆட்கள் குனிவது தெரிந்தது. கயிற்றை விடுவது தெரிந்தது. மெதுவாக விட்டார்களா, படக்கென்று விட்டார்களா, அவ்வளவு தூரத்தில் தெரியவில்லை. பள்ளத்தில் விரலை வைத்துக்கொண்டு நின்றேன். பிறகும் நான் யாரையும் கேட்கவில்லை.

வந்த பெண்களிடம் இதைத்தான் சொன்னேன். நடுத்தூணுக்கு மேலே, மலைக்கோட்டை தெரிகிற பக்கத்துக் கைப்பிடியில் அந்தக் கல் இருக்கிறது. தடவிப் பார்த்தால் தெரியும். அதைச் சம்மட்டியால் அடித்து ஆற்றில் தள்ளாதீர்கள். பெயர்த்து, கயிறு கட்டி, மெதுவாக இறக்குங்கள். ஒரு முனையை என் கையில் கொடுங்கள்.

"இந்த வயசுல உங்களால பிடிக்க முடியுமா, ஆத்தா? கல்லு கனமாச்சே. நாங்க பிடிச்சுக்கறோம், நீங்க நின்னு பாருங்க."

"நீங்க மூணு பேரும் பலகைக் கயித்தப் பிடிங்க," என்றேன். "இன்னொண்ண வீட்டு ஆளுதாண்டி பிடிக்கணும்."